மகாராஜாவும் ஒரு பழைய ஜீப்பும்

போன மாதம் காரைக்காலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று பரணைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பித்தளை அண்டா, உடைந்த மர்ஃபி ரேடியோ, பிள்ளைகளின் பழைய நோட்டுகள் இவற்றுக்கு நடுவே ஒரு ரெக்ஸின் தோள்பை. ஜிப் போய்விட்டது, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. ஆனால் தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக மார்பில் கை வைத்துக் குனிந்து நிற்கும் அந்த மகாராஜா மட்டும் அழியாமல் இருந்தார்.

"தூக்கிப் போட மனசு வரலடா. நீ எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் அக்கா.

பக்கத்தில் நின்ற அவள் பேரன், "ஏர் இந்தியா பையா? அது இப்ப டாடாவோடதுதானே, சின்னத் தாத்தா?" என்று கேட்டான்.

"மொதல்லயும் டாடாவோடதுதான். நடுவுல கொஞ்ச நாள் நம்மளோடதா இருந்துச்சு" என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த 'நடுவுல கொஞ்ச நாள்' என்பது 68 வருடம். அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை எழுதி வைக்கலாமென்று தோன்றியது. அந்த விற்பனையை நான் கடைசிவரை எதிர்த்தவன். ஏன் எதிர்த்தேன் என்பதைச் சொல்லும்போது என் பங்குக்கு ஒரு விஷயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பழைய கதை. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா ஒரு சின்னஞ்சிறு புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவில் வந்து இறங்கினார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆக, ஏர் இந்தியாவின் கதை ஆரம்பித்தது பயணிகளை வைத்து அல்ல, கடிதங்களை வைத்து. அதன் முதல் வழித்தடம் முடிந்த இடம் நம் மதராஸ்.

1946-இல் அந்த நிறுவனம் ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. 1948-இல் அரசு 49 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டு ஏர் இந்தியா இன்டர்நேஷனல் உருவாகி, ஜூன் 8-ஆம் தேதி 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. 1953-இல் ஏர் கார்ப்பரேஷன்கள் சட்டம் வந்து, ஆகஸ்ட் 1 முதல் எல்லாம் அரசுடைமை ஆயிற்று. உள்நாட்டில் பறந்துகொண்டிருந்த எட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ். வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா.

இங்கே இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, ஜே.ஆர்.டி. அதை விரும்பவில்லை. தன்னைக் கலந்துகொள்ளாமலேயே முடிவெடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். பிறகு நேரு கேட்டுக்கொண்டதால் தலைவர் பதவியை ஏற்று, 1978-இல் மொரார்ஜி அரசு அவரை நீக்கும் வரை 25 வருடம் நடத்தினார். ஏர் இந்தியா உலகத்தில் பெயர் வாங்கியது அரசுடைமையாக இருந்த அந்த 25 வருடத்தில்தான். 'அரசு என்றால் உருப்படாது' என்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இரண்டாவது, அந்த எட்டு நிறுவனங்களில் பல தள்ளாடிக்கொண்டிருந்தவை. யுத்தம் முடிந்து டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைக்க, லைசென்ஸும் தாராளமாகக் கிடைக்க, ஆளாளுக்குக் கம்பெனி தொடங்கி நஷ்டப்பட்டார்கள். அந்தச் சுமையைத்தான் 1953-இல் அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் கொடி இறக்கியபோது எனக்கு ஐந்து வயது. அவர்கள் போன பிறகும் பள்ளிக்கூடம் அப்படியேதான் நடந்தது. ப்ரெவே பரீட்சைக்கு முன்னால் எங்களுக்குக் குடிமைப் பாடம் எடுத்த முசே ஒரு நாள் ஒரு தபால்தலையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பக்கத்துத் தெருவுக்கும் இதே தபால்தலை, பாகூரைத் தாண்டி ஒரு குக்கிராமத்துக்கும் இதே தபால்தலை. ஏன்?" எங்களுக்குப் பதில் தெரியவில்லை. "பக்கத்துத் தெருவில் மிஞ்சுகிற காசுதான் குக்கிராமத்துத் தபால்காரனை நடக்க வைக்கிறது. இதற்குப் பெயர் செர்விஸ் பூப்லிக்" என்றார். பொதுச்சேவை. அறுபது வருடம் ஆகியும் அந்தப் பாடம் மட்டும் மறக்கவில்லை.

அதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது 1990-இல்.

மாமா குவைத்தில் ஏ.ஸி. மெக்கானிக்காக இருந்தார். ஆகஸ்ட் 2-ஆம் தேதி சதாம் உசேனின் படை உள்ளே புகுந்தது. அதோடு கடிதம் இல்லை, போன் இல்லை. அக்கா இரண்டு பிள்ளைகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ராத்திரி முழுக்க ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். செப்டம்பரில் குவைத்திலிருந்து தப்பி வந்த ஒருவர் மூலமாகச் செய்தி வந்தது: "அவர் அம்மானில் இருக்கிறார்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நமக்கு அங்க எந்த அம்மான் இருக்காரு?" என்று கேட்டாள். ஜோர்டான் நாட்டின் தலைநகரம் அது என்று சொல்லிப் புரிய வைத்தேன். அந்தக் கவலையிலும் வீடே சிரித்தது.

பாஸ்ரா, பாக்தாத், பிறகு பாலைவன எல்லையில் கூடாரம், தண்ணீர் லாரிக்கு அடிதடி, அங்கிருந்து அம்மான். விமான நிலையத்துத் தரையில் மூன்று ராத்திரி. நான்காம் நாள் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மாமா பிற்பாடு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்: "டிக்கெட் கேக்கல, லக்கேஜ் எடை போடல. பேரைக் கேட்டாங்க, ஏறுன்னாங்க. உள்ள போனதும் ஒரு பொண்ணு கை கூப்பி வணக்கம் சொல்லிச்சு. அப்பத்தான் அழுதேன்." சென்ட்ரல் ஸ்டேஷனில் நான் அவரை அழைத்துவரப் போனபோது தோளில் இருந்தது அந்த ஒரே பைதான். பதினொரு வருட குவைத் சம்பாத்தியத்தில் மிஞ்சியது அது.

59 நாட்களில் 488 தடவை பறந்து, ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துக்கும் அதிகமான பேரை ஏர் இந்தியா கொண்டுவந்து சேர்த்தது. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை. அப்போது நம் நாட்டின் நிலைமை என்ன? அன்னியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் தங்கத்தை அடகு வைக்கப் போகிறோம். அந்த நிலைமையிலும் 'பறந்தால் கட்டுப்படியாகுமா' என்று யாரும் கணக்குப் போட்டு நிறுத்தவில்லை. பக்கத்துத் தெருவில் மிஞ்சிய காசு குக்கிராமத்துக்கு நடந்தது.

சரி, இவ்வளவு நல்ல நிறுவனம் எப்படிக் கடனில் மூழ்கியது? இதற்குப் பதில் சொல்ல, நான் முன்னே சொன்ன அந்த ஒப்புதலுக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு ஜீப் இருந்தது. நல்ல வண்டி. ஒரு வருடம் பேட்டரிக்குப் பணம் ஒதுக்கவில்லை. அடுத்த வருடம் டயருக்கு அனுமதி வரவில்லை. வண்டி ஷெட்டில் நின்றது. நின்ற வண்டிக்கு டிரைவர் எதற்கு என்று டிரைவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். மழையில் தரைத்தகடு துருப்பிடித்தது. மூன்றாம் வருடம் 'பழுது பார்ப்பது சிக்கனமாகாது. கண்டெம் செய்து ஏலம் விடலாம்' என்று ஒரு குறிப்பு மேலே போனது. ஏலம் எடுத்தவர் ஒரு மெக்கானிக். புது பேட்டரி, பழைய டயர் நான்கு மாட்டி, பத்தாம் நாள் எங்கள் அலுவலக வாசல் வழியாகவே ஓட்டிக்கொண்டு போனார். ஹார்ன் வேறு அடித்தார்.

அந்தக் குறிப்பை எழுதியது நான். யாரும் என்னை மிரட்டவில்லை. எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வண்டி ஓடவில்லை என்பது உண்மை. ஏன் ஓடவில்லை என்பது மட்டும் கோப்பில் கிடையாது.

ஏர் இந்தியாவின் கோப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜீப்தான் நினைவுக்கு வரும். 2005, 2006 வாக்கில் ஏர் இந்தியாவுக்கு 68 போயிங், இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 43 ஏர்பஸ், ஆக 111 விமானங்கள் வாங்க முடிவானது. முதலீடாக அரசு போட்டது சொற்பம். ஏறக்குறைய எல்லாமே கடன். வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போதே, 2007-இல் இரண்டு நிறுவனங்களையும் ஒன்றாக இணைத்தார்கள். இரண்டு சம்பள முறை, இரண்டு பதவி உயர்வு வரிசை, இரண்டு தொழிற்சங்கங்கள். கூட்டுக் குடும்பம் ஆனதே தவிர, அடுப்பு இரண்டாகவே எரிந்தது. அதே காலத்தில் வளைகுடா விமான நிறுவனங்களுக்கு இந்திய நகரங்களிலிருந்து பறக்கும் உரிமையை அள்ளிக் கொடுத்தார்கள். துபாய்க்கு மட்டும் வாரத்துக்கு 50,000 இருக்கைகளுக்கு மேல். மாமாவைப் போன்றவர்கள் போய்வரும் தடம் அது. ஏர் இந்தியாவுக்கு அரிசிப்பானை அதுதான். 2011-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இந்த மூன்றையும் எடுத்துக் காட்டியது. இவற்றில் எதையும் முடிவு செய்தவர் விமானியோ மெக்கானிக்கோ டிக்கெட் கவுன்டர் குமாஸ்தாவோ அல்ல. போதாக்குறைக்கு, பெரிய மனிதர்களின் தனி விமானப் பயணத்துக்கு அரசாங்கமே கட்ட வேண்டிய பில் பல நூறு கோடி பாக்கி நின்றது.

2012-இல் 30,231 கோடி ரூபாய் முதலீடு தருவதாகச் சீரமைப்புத் திட்டம் போட்டார்கள். தவணை தவணையாக வந்த அந்தப் பணத்தைப் பழைய கடனும் வட்டியும் விழுங்கின. 2017 ஜூனில் விற்க அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. 2018-இல் 76 சதவீதத்தை ஏலத்துக்கு விட்டார்கள், ஒருவரும் கேட்கவில்லை. 2020 ஜனவரியில் முழுவதையும் விற்கிறோம் என்று அறிவித்தார்கள். ஊழியர்களிலேயே சிலர் ஒன்றுசேர்ந்து நாங்கள் வாங்குகிறோம் என்று விண்ணப்பித்தார்கள். தகுதிச் சுற்றிலேயே கழித்துவிட்டார்கள்.

2020 நவம்பர் 26-ஆம் தேதி மத்தியத் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் அறிவித்திருந்தன. பொதுத்துறையை விற்காதே என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. நானும் போய் நிற்பது என்று குடையை எடுத்து வைத்திருந்தேன். அதற்கு முந்தைய இரவுதான் நிவர் புயல் நமக்குப் பக்கத்தில் கரை கடந்தது. வாசலில் மரம் விழுந்து, கரன்ட் இல்லாமல், முழங்கால் தண்ணீரில் வீட்டுக்குள்ளேயே நின்றேன். என் எதிர்ப்பெல்லாம் பத்திரிகைக்கு எழுதிய மூன்று கடிதங்களோடு முடிந்தது. மூன்றும் பிரசுரமாகவில்லை.

2021 அக்டோபர் 8-ஆம் தேதி டாடாவுக்கு விற்பதாக அறிவிப்பு வந்தது. அன்று இரவு சென்னையிலிருந்து மகன் போன் செய்தான்.

"அப்பா, தினமும் இருபது கோடி நஷ்டம். நம்ம வரிப்பணம். வித்தது நல்லதுதானே?"

"கடன் எவ்வளவுன்னு படிச்சியா?" என்றேன்.

அந்த வருட ஆகஸ்ட் 31 கணக்குப்படி மொத்தக் கடன் 61,562 கோடி ரூபாய். வாங்குபவர் சொன்ன விலை 18,000 கோடி. அதில் 15,300 கோடி, கடனில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது. ரொக்கமாக அரசுக்கு வருவது 2,700 கோடி. மிச்சக் கடன் 46,262 கோடி, அரசே தொடங்கிய இன்னொரு கம்பெனியின் தலையில். நிலம், கட்டடம் விற்பனையில் சேரவில்லை, அவை அப்போது அரசிடமே தங்கின. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவற்றின் மதிப்பு 14,718 கோடிதான். விமானங்களும், வெளிநாட்டு விமான நிலையங்களில் இறங்கும் உரிமையும், லாபத்தில் ஓடிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் கை மாறின. சின்னச் சின்ன ஊர்களுக்குப் பறக்கும் அலையன்ஸ் ஏர் மட்டும் அரசிடம் தங்கியது. முசே இருந்திருந்தால் சொல்லியிருப்பார்: பக்கத்துத் தெருவை விற்றுவிட்டுக் குக்கிராமத்தை வைத்துக்கொண்டார்கள் என்று.

1953-இல் தனியார் பட்ட நஷ்டம் அரசின் தலைக்கு வந்தது. 2022 ஜனவரி 27-இல் ஏர் இந்தியாவை ஒப்படைத்தபோது, அரசு பட்ட கடனில் நாலில் மூன்று பங்கு அரசிடமே நின்றது. இரண்டு தடவையும் சுமந்தது ஒரே முதுகு. மகனிடம் சொன்னது இதைத்தான்.

வேறு வழி இருந்ததா என்று அவன் கேட்டான். இருந்தது. எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா இருந்தார். 1993 அக்டோபரில் ஏர் பிரான்ஸ் ஊழியர்கள் பாரிஸ் விமான நிலையங்களின் ஓடுபாதையிலேயே இறங்கிப் போராடிய செய்தியை, அவருக்கு வரும் பிரெஞ்சுப் பத்திரிகைகளில்தான் படித்தேன். அந்த நிறுவனமும் அப்போது பெரும் நஷ்டத்தில் இருந்தது. போராட்டத்தின் முடிவில் அரசு ஆட்குறைப்புத் திட்டத்தை வாபஸ் வாங்கியது. தலைவர் பெர்னார் அத்தாலி ராஜினாமா செய்தார். அடுத்து வந்த கிறிஸ்தியான் பிளான், தன் திட்டத்தை ஊழியர்களின் வாக்கெடுப்புக்கே விட்டார். சம்பள உயர்வு இல்லை, ஐயாயிரம் வேலைகள் குறையும் என்ற கசப்பான திட்டம்தான். 1994 ஏப்ரலில் வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் சரி என்றார்கள். அரசு 2,000 கோடி பிராங்க் முதலீடு போட்டது. நிறுவனம் எழுந்து நின்றது. அதன் பிறகுதான், 1999-இல், ஒரு பகுதிப் பங்கைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். 2004-இல் கே.எல்.எம். நிறுவனத்தோடு சேரும்வரை பெரும்பான்மை அரசிடமே இருந்தது. அதாவது ஜீப்பை முதலில் பழுது பார்த்தார்கள். விற்பதைப் பற்றிப் பிறகு பேசினார்கள்.

2020-இல் கொரோனா வந்தபோது அதே ஏர் பிரான்ஸைக் காப்பாற்றப் பிரெஞ்சு அரசு 700 கோடி யூரோ கடன் உதவி ஏற்பாடு செய்தது. அடுத்த வருடம் தன் பங்கையும் கூட்டிக்கொண்டது. இத்தாலியோ, நாம் விற்பனையை அறிவித்த ஒரு வாரத்தில், அக்டோபர் 15 அன்று, அலிட்டாலியாவுக்குப் பதிலாக ஐ.டி.ஏ. என்ற புது அரசு நிறுவனத்தைப் பறக்கவிட்டது. அவர்களெல்லாம் சோஷலிசம் பேசுகிறவர்கள் அல்ல.

மகன் விடவில்லை. "அரசு கையில இருந்தா மட்டும் போதுமா? நம்ம ஊரு ஏ.எஃப்.டி. மில்லைப் பாருங்க" என்றான். அது எனக்கு வலித்தது. ஏனென்றால் அது சரி. தனியாரிடமிருந்து அரசு எடுத்து நடத்திய அந்த ஆலையும் கடைசியில் மூடித்தான் போயிற்று. அதுபோலவே, 2022-இல் உக்ரைனிலிருந்து மாணவர்களைக் கொண்டுவந்தபோது, டாடா கைக்குப் போன ஏர் இந்தியாவும் பறந்தது, மற்ற தனியார் விமானங்களும் பறந்தன. அதையும் நான் மறைக்கப் போவதில்லை. தனியாரிடம் போனாலே நல்லது நடக்காது என்று சொல்பவன் அல்ல நான். அதே சமயம் 2012-இல் கிங்ஃபிஷரும் 2019-இல் ஜெட் ஏர்வேஸும் நின்றபோது, தனியாரிடம் இருந்தால் நஷ்டமே வராது என்று சொன்னவர்களையும் காணோம்.

என் வாதம் சின்னது. கேடு செய்தவன் யார் என்று கோப்பில் எழுதாமல், கெட்டுப்போயிற்று என்று மட்டும் எழுதி ஒரு பொதுச்சொத்தை ஏலம் விடக் கூடாது. சரி செய்யப் பணமில்லை என்றவர்கள் 46,262 கோடிக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு விற்றார்களே, அதில் ஒரு பங்கை 2007-லேயே முதலீடாகப் போட்டிருந்தால் என்ன என்று யாராவது குறிப்பு எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்க மாட்டார்கள். எங்கோ ஒரு குமாஸ்தா, என்னைப் போலவே, எழுதச் சொன்னதை எழுதியிருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பையை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பை தைப்பவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்" என்றார். பரவாயில்லை, தையுங்கள் என்றேன். ஜிப்புக்கும் ஓரத் தையலுக்குமாக 120 ரூபாய் ஆனது. அடுத்த முறை காரைக்கால் போகும்போது அதில்தான் துணி எடுத்துப் போகப் போகிறேன். அக்கா பார்க்கட்டும்.